தவறானந்தரின் விரல்

தவறானந்தர் என்ற சாமியார் வந்த நாள் முதல் எங்கள் ஊரில் யாரும் எதையும் சரியாகச் செய்வதில்லை. கருகிய ரொட்டி, கை குட்டையான சட்டை, ஓடாத கடிகாரம் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் முண்டியடித்தார்கள். பாக்கெட்டில் சாக்லேட் உருகியதால் மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது, சரியாக ஒட்டாத பசையால் ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டு பிறந்தது என்பார் அவர். அது உண்மைதான். எந்தத் தவறுக்குள் கோடி ஒளிந்திருக்கிறது என்று தம் விரலுக்குத் தெரியும் என்பதுதான் அவருடைய சொந்தச் சரக்கு.

சோப்புக்காரரும் மாட்டிக்கொண்டார். அவர் காய்ச்சிய சோப்பு இந்த முறை இறுகாமல் கூழாகவே நின்றுவிட்டது. அதில் விரலை வைத்த சாமி, "இது உலகத்தையே புரட்டும்பா. காய்ச்சுற கொப்பரையைக் காணிக்கையாக் குடுத்துடு. இனி உனக்கு அது எதுக்கு?" என்று அருளினார்.

கொப்பரை போனால் பிழைப்பே போச்சு. சொல்லிச் சொல்லி மனைவிக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கொப்பரை வண்டியேறியது. மனைவியும் ஒரு கிண்ணத்தோடு கூடவே வந்தார்.

"சாமி, இதுல ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

சாமி கண்ணை மூடி விரலை விட்டார். உடம்பு சிலிர்த்தது. "அம்மா, இப்படி ஒண்ணை மனுஷன் இதுவரைக்கும் கண்டதே இல்ல."

"உங்க போஸ்டரை ஊரெல்லாம் ஒட்டுன பசை சாமி. உங்க ஆள் வாளியிலேர்ந்துதான் வாங்கிட்டு வந்தேன்."

"ஆமா, காலையில அக்கா கேட்டாங்க, குடுத்தேன்" என்றார் போஸ்டர் ஒட்டுபவர், வெள்ளந்தியாக.

கூட்டம் சிரித்தது. சாமிக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. விரலில் பசையோடு உள்ளே போனவர் பின்வாசல் வழியாகப் போயே போனார்.

"அப்போ நம்ம கூழு?" என்றார் சோப்புக்காரர், பாவமாக.

"நேத்தே ஜன்னல்ல தேச்சுப் பாத்தேன். பிசுக்கு நல்லாப் போகுது, ஆனா கை எரியுது. காரம் எங்க கூடிச்சுன்னு பாக்கணும். கொப்பரையை வீட்டுக்குத் திருப்புங்க."

சாக்லேட் எத்தனையோ பேர் பாக்கெட்டில் உருகியிருக்கும். ஒருவர் மட்டும் ஏன் உருகியது என்று கேட்டார். நாமோ கறைபடிந்த சட்டையோடு சாமியார் வாசலில் நிற்கிறோம். கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதைத் தற்செயலாகவாவது என்றைக்குக் கண்டுபிடிக்கப் போகிறோம்?