புகைக்கு ஒரு கூட்டுக் குழு

கூட்டாய்வாளர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. சட்டைப் பையில் இரண்டு பேனை, கக்கத்தில் காகிதங்கள் பிதுங்கும் ஒரு கோவை, வாயில் "முதலில் தரவு வேண்டும்" என்ற வசனம். இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் கண்டால் வீதியின் மறுபக்கத்துக்கு மாறிவிடுங்கள். மாறியதும் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அங்கே இன்னொருவர் நிற்பார். எதிர்ப்பக்கத்தில் ஒரு கூட்டாளி இல்லாவிட்டால் கூட்டாய்வாளருக்குச் சோறு செமிக்காது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு, அதாவது எங்கள் சந்துக்கு, வாய்த்தவர் திருவாளர் கனகசபாபதி. அரசாங்கக் கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் கோவை கட்டி ஓய்வுபெற்றவர். ஒழுங்கையின் முடிவில் ஒரு கால்வாய். இந்தக் கரைக்கு ஒரு நகரசபை, அந்தக் கரைக்கு வேறொன்று. இரண்டு கரையிலும் பாதை ஒடுக்கம். குப்பை லொறி உள்ளே வந்தால் திரும்ப முடியாது என்பதால் வருவதில்லை. ஆகவே இரு கரைச் சனமும் பின்னேரம் ஆறு மணிக்கு, கால்வாய் கடலில் விழும் மூலையில், மீன் செதிலும் பொலித்தீன் பையும் தேங்காய் மட்டையுமாகக் குவித்துக் கொளுத்துவார்கள். கடற்காற்று அந்தப் புகையைப் பத்திரமாக எல்லார் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து சேர்க்கும்.

எல்லாருக்கும் அது கண்ணெரிச்சல். கனகசபாபதியின் மனைவி அன்னபாக்கியத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவருக்கு இழுப்பு வருத்தம். ஆறு மணிப் புகை ஏறியதென்றால் படுக்க முடியாது. கதிரையில் நிமிர்ந்திருந்து விடியும்வரை மூச்சோடு மல்லுக்கட்டுவார்.

"இஞ்சருங்கோ, உந்த நெருப்பை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லுங்கோவன்."

"நிப்பாட்டலாம். எந்தக் கரைப் புகை எண்டு தெரியாமல் எப்பிடி நிப்பாட்டுறது? அந்தப் பக்கத்தோட சேந்தெல்லோ ஆராயவேணும். நீர் கொஞ்சம் பொறும், பாக்கியம்."

அன்னபாக்கியம் பொறுத்தார். எதிர்க்கரையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் மஜீட் அதே இனத்தின் தேர்ந்த மாதிரி என்பதால், இருவரும் சந்தித்த அன்றே 'எல்லை கடந்த வளித்தர ஆராய்ச்சி ஒத்துழைப்புக் குழு' பிறந்துவிட்டது. முதல் கூட்டம் எந்தக் கரையில் என்று மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடிதங்களை ஒருவர் வாசலுக்கு மற்றவர் நடந்துபோய்க் கையால் கொடுத்தார். முடிவில் பாலத்தின் நட்டநடுவில் நின்றபடியே கூடுவதென்று தீர்மானம். கரைக்குக் கரை வெள்ளைத் துணி கட்டி, எது முதலில் கறுக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டும் ஒரே நாளில் கறுத்தன. இருதரப்புக்கும் இதில் பெருமை. இப்படியே தை போய் மாசி வந்தது.

அடுத்தது வரைபடம். இங்கேதான் நம் ஆள் உச்சத்தைத் தொட்டார். அது யுத்த காலம். ஊரிலிருந்து வந்த மச்சானைக்கூடப் பொலிசில் பதிந்துவிட்டுத்தான் தேத்தண்ணி கொடுக்கிற காலம். அந்தக் காலத்தில் வீட்டு இலக்கங்கள், மணி விபரங்கள், கடலிலிருந்து வீடுகளை நோக்கிப் பாயும் சிவப்பு அம்புக்குறிகள் எல்லாவற்றையும் தமிழில் எழுதிச் சுருட்டிக்கொண்டு, பாலத்துச் சோதனைச்சாவடியைக் கைவீசிக் கடக்கும் ஒரு மனிதரை நீங்கள் வேறெங்கே காண்பீர்கள்?

"மே மொகக்த?" என்றார் கொன்ஸ்தாபிள், வரைபடத்தை விரித்து. இது என்ன?

கனகசபாபதி தமிழிலேயே விளக்கத் தொடங்கினார். அந்தக் கரையிலிருந்து மஜீட் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "தும, மாத்தயா! தும!" புகை, ஐயா, புகை!

நல்லகாலம், மணி ஆறு. புகை தானே நேரில் வந்து சாட்சி சொல்லியது. கொன்ஸ்தாபிள் கண்ணைக் கசக்கி, இருமி, காறித் துப்பி, வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். மஜீட் மொழிபெயர்த்தார்: "ரெண்டு மாசமா இங்க நிக்கிறாராம். விடியக்காலையில காத்து கடல் பக்கம்தான் போகுதாம். அப்ப எரிச்சா ஒருத்தருக்கும் புகை இல்லையாம்."

கனகசபாபதி பணிவோடு தலையாட்டிவிட்டு, 'பொதுமக்கள் அபிப்பிராயம்: பின்னர் பரிசீலிக்கப்படும்' என்று குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தன் வீரப்பிரதாபத்தை விஸ்தரிக்கையில், கொன்ஸ்தாபிள் சொன்னதையும் ஒரு பகிடியாகச் சேர்த்துவிட்டார். அன்னபாக்கியம் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே கால்வாய்க் கரைக்குப் போனார். மறுகரையில் மஜீட்டின் மனைவி ஹமீமா உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஹமீமா, குப்பையை விடியக் காலமை கொளுத்துவமோ?"

"அதுக்கென்ன அக்கா! சுபஹு தொழுதுட்டு நானே பத்த வைக்கிறேன். இங்க உள்ள ஆக்களுக்கு நான் சொல்றேன், உங்கட பக்கத்த நீங்க பாத்துக்கோங்க."

கூட்டம் முடிந்தது. ஒரே கிழமைக்குள் இரண்டு கரையும் விடியற்காலைக்கு மாறிவிட்டன. புகை கடலுக்குப் போனது. அன்னபாக்கியம் இரண்டு மாதத்தில் முதல்முறையாகக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் குறட்டை விட்டார். அந்தக் குறட்டையைக் கேட்க எனக்கே சந்தோசமாக இருந்தது. நான் அடுத்த வீடு.

கனகசபாபதிதான் இடிந்துபோனார். ஆறு மாதத்துக்குத் திட்டமிட்ட ஆய்வு, இரண்டே மாதத்தில் புகை தீர்ந்துவிட்டது! மஜீட்டும் அவரும் பாலத்தில் நின்று துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள், சரியாகப் பின்னேரம் ஆறு மணிக்கு, 'ஒப்பீட்டு மாதிரி' ஒன்று பெறும்பொருட்டு கனகசபாபதியே தன் வாசலில் ஒரு குப்பைக் குவியலுக்குத் தீ வைத்தார். அணைத்தது அன்னபாக்கியம். வாளித் தண்ணீரில் பாதி நெருப்புக்கும் பாதி கோவைக்கும் போனது.

"இன்னும் தரவு வேணுமோ?" என்று கேட்டார், மூச்சு வாங்கியபடி.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று: இப்படிப்பட்டவர்கள் ஒழுங்கைக்கு எத்தனை பேர், எந்தக் கரையில் அதிகம் என்று யாராவது ஒருமுறை முறையாகக் கணக்கெடுத்தால் நல்லது என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறதா? கை பேனையைத் தேடுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். உள்ளறையில் யாரோ இருமுகிறார்கள். முதலில் எழுந்துபோய் அதைப் பாருங்கள்.