பாதி வீட்டுக்குப் பதிலாக

அன்பு ஒன்றே போதும் என்று நம்பி, கையில் ஃபைலோடு பத்திர எழுத்தரிடம் போனவன் நான். (ஃபைலுக்குப் பிளாஸ்டிக் உறை வேறு.)

கோமதியும் நானும் தேர்வாய் கண்டிகையில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். கல்யாணம் செய்துகொள்ளாமல், புதுவாயலில் அவள் கட்டிய வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம். "எனக்கு இன்னாவாச்சும் ஆச்சுன்னா என் தம்பிங்க மறுநாளே உன்ன வெளிய அனுப்பிடுவானுங்க. பாதி ஊட்ட உன் பேர்ல எழுதிடறேன்" என்று அவள்தான் ஆரம்பித்தாள். ஒப்பந்தத்தை நானே எழுதினேன். 'அன்பின் காரணமாக' என்பது முதல் வரி.

எழுத்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்புன்னு எழுதினா நெருங்கின சொந்தத்துக்குள்ளதான் சார் செல்லும். சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் யாரோ. பாதி ஊட்டுக்குப் பதிலா நீங்க மேடத்துக்கு இன்னா தரீங்க? அது பேரு மறுபயன். அது இல்லாம ஒப்பந்தம் நிக்காது. இதுவரைக்கும் அவங்களுக்கு இன்னா செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாலும் எழுதலாம்."

கோமதி எனக்காகப் பேசினாள். "நெறைய செஞ்சிருக்காரு சார். அஸ்திவாரம் போட்டப்ப ஒரு வாரம் லீவு போட்டுக்கினு கூடவே நின்னாரு."

"நாலு நாள்தான். அதுல ஞாயித்துக்கெழம எப்படியும் லீவு" என்றேன்.

"சரி. தீபாவளி டைம்ல எனக்கு டெங்கு. ராத்திரி பகலா பாத்துக்கினாரு."

"டெங்கு இல்ல, சாதா ஜொரம். தீபாவளி முடிஞ்சி பதினோரு நாள் கழிச்சி. எனக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட்டு."

எழுத்தரின் பேனா நின்றுவிட்டது. கோமதி எழுந்தாள்.

"நான் உனக்காக வாதாடறேன், நீ எதிர்சாட்சி சொல்லிக்கினு கீற. ஒம்போது வருஷமா வாயத் தொறந்தா தேதி திருத்தற. பேஜாரா கீதுய்யா. ஊடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

'எட்டு வருஷம் ஏழு மாசம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. (சொல்லியும் விட்டேன்.)

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பாதி வீடு மட்டுமா போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எழுத்தர்தான் காப்பாற்றினார். "இருங்க மேடம். குடுக்கறதுதான் மறுபயன்னு இல்ல. ஒண்ணச் செய்யாம இருக்கறேன்னு வாக்கு குடுத்தாலும் செல்லும். சார் இன்னா செய்யாம இருந்தா உங்களுக்குப் போதும்?"

கோமதி யோசிக்கவே இல்லை.

அவள் பேச்சிலோ அவள் வீட்டார் பேச்சிலோ நான் வாயால் தேதி திருத்துவதில்லை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். (கோர்ட்டில் நிற்குமா என்று எழுத்தருக்கே சந்தேகம். கோமதியிடம் நிற்கிறது.)

விஷயம் அவள் தம்பிகள் காதுக்கும் போனது. அதுவரை என் முகத்தையே பார்க்காதவர்கள், இப்போது மாதம் ஒரு முறையாவது வந்து எதிரில் உட்கார்ந்து, "மாமா, நம்ம ஊட்டுக்குப் பால் காய்ச்சினது பொங்கலுக்கு மறுநாள்தான?" என்று கேட்கிறார்கள். கோமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். நான் டீயைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

(அது ஆவணி மாதம். வாயால் திருத்தக் கூடாது என்றுதான் பத்திரத்தில் இருக்கிறது. எழுதக் கூடாது என்று இல்லை.)