அலமாரித் தட்டு வரி நான் எழுதியதல்ல

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே? இங்கே நாங்கள் இருவரும் நலம். என் முழங்கால் வலியும் குறைவில்லாமல் இருக்கிறது. நீ மூன்று வாரமாக என் மின்னஞ்சலைத் திறப்பதில்லை, போனில் என் பெயரைப் பார்த்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாய் என்று அத்தான் சொன்னார். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதைக் கவிழ்த்து வைத்தாலும் பின்பக்கமும் நான்தான் எழுதியிருக்கிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். "அப்பாவின் கடிதக் கட்டை அக்காவிடம் கொடுத்தால் பழைய பேப்பர் மாதிரி அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள்" என்று என் மின்னஞ்சலில் நீ படித்த வரி நான் எழுதியதல்ல. நம் தம்பி எழுதியது. அவன் எனக்கு மட்டும் எழுதியிருந்ததை மேற்கோளாக வைத்து, உனக்கும் சேர்த்துப் பதில் அனுப்பினேன். அப்படி அனுப்பும்போது அடுத்தவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முன்னால், வலப்பக்கம் பார்க்கும் அம்பு முனை மாதிரி ஒரு குறி இருக்க வேண்டும். குறி இருந்தால் அவன் சொன்னது, இல்லாவிட்டால் நான் சொன்னது. அந்த ஒரு வரிக்கு மட்டும் குறி விட்டுப்போயிற்று. நடந்தது இவ்வளவுதான்.

இந்தக் குறிக்கும் எனக்கும் ஆறு மாதமாகவே ஏழாம் பொருத்தம். பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் நேரம் குறித்தவன் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், தொட்டிச் செடி வளர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். செம்பருத்தி பற்றி நாற்பது பேர் நாலு நாள் சண்டை போட்டதை முழுவதும் மேற்கோளாக வைத்து, கடைசியில் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினேன். குழுவை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். "ஐயா, உங்க ஆமாமைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள என் விரல் தேஞ்சுபோச்சு. தேவையானதை மட்டும் வச்சுட்டு மத்ததைப் பிடுங்கிடுங்க" என்று பதில் போட்டார். பிடுங்குவது அவர் தொழில், சொல்லிவிட்டார். நானும் ரோஷத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கிளையைக் கத்தரிக்கலாமா என்று கேட்ட ஒருவருக்கு "தாராளமாக" என்று மொட்டையாக எழுதினேன். அது போய் உட்கார்ந்த இடம், வேண்டாத தொட்டிகளை வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று வேறொருவர் கேட்டிருந்த கேள்விக்குக் கீழே. மறுநாள் அந்த மனிதர் வேனோடு வாசலில் நிற்கிறார். "யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?" என்று என் பெண்டாட்டி கத்த, "நான் கிளைக்குத்தான் சொன்னேன்" என்று நான் விளக்க, அவர் ரொம்ப நல்ல மனிதர், பதினோரு தொட்டியையும் நன்றி சொல்லியே ஏற்றிக்கொண்டு போனார். அவள் இன்றைக்கும் மாடிக்குப் போனால் பெருமூச்சோடுதான் இறங்குகிறாள்.

அதற்குப் பிறகு குறியை நானே ஒவ்வொரு வரிக்கும் கையால் போடப் பழகினேன். தம்பியின் கடிதத்துக்கும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் குழாய் ரிப்பேர்காரர் வந்து வாளி கேட்டார். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஒரு வரி தவறிவிட்டது. தம்பிக்குப் போன் செய்து ஒப்புக்கொள்ளச் சொன்னேன். "அண்ணா, நான் அப்படி எழுதவே இல்ல" என்றான். "எழுதிட்டு இல்லேங்கறியா? அக்கா மனசு என்ன பாடுபடும்?" என்று கேட்டு போனை வைத்தவன், இன்றுவரை அவனோடு பேசவில்லை. உனக்காகத்தான் பேசவில்லை.

அப்பா இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. பாலம் கட்டும் இடங்களில் கூடாரத்தில் இருந்துகொண்டு, நாம் மூவரும் ஒரே தாளில் எழுதிய கடிதத்தைக் கத்தரிக்கோலால் வரிவரியாக வெட்டித் தன் தாளில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதுவாரே! உன் எழுத்து சாய்ந்திருக்கும், தம்பியுடையது கோட்டை விட்டு இறங்கும், என்னுடையதில் மை கொட்டியிருக்கும். யார் சொன்னது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு மாதம் என் வரியை ஒட்ட மறந்துவிட்டார். நான் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ உனக்கு வந்த பதிலை வெட்டி எடுத்து வந்து, "இது உனக்குத்தான்டா எழுதியிருக்கார்" என்று என் கையில் வைத்தாய். "பின்னலை அவிழ்த்துவிட்டுத் தூங்கு" என்று அதில் இருந்தது. நானும் சரி என்று எழுந்து சாப்பிட்டேன். அந்தத் துண்டு இன்னும் என்னிடமுள்ள கடிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது அக்கா. உன்னைப் பற்றி நான் அப்படி எழுதுவேனா?

அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய இருமல் குறையட்டும். பிள்ளைகள் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும். கோபம் தீர்ந்தால் ஒரு மிஸ்டு கால் கொடு, நானே கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
குற்றமற்ற உன் தம்பி

பின்குறிப்பு: ஆதாரத்துக்கு இருக்கட்டும் என்று, சின்னவன் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுக்கக் கடைக்குப் போனேன். அங்கேயே நின்று படித்தேன். அதில் மொத்தமே இரண்டு வரி. "கட்டு அக்காகிட்டயே போகட்டும் அண்ணா. அவதானே நமக்கு அதையெல்லாம் படிச்சுக் காட்டினா." அலமாரித் தட்டு அதில் எங்கேயும் இல்லை. அந்த வரி என்னுடையதுதான். குறி போட மறக்கவில்லை, போடத் தேவையே இருக்கவில்லை. கட்டை நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் எழுதியிருக்கிறேன். எழுதியதை இந்த மூன்று வாரத்தில் அவன் தலையில் கட்டி, அதை நானே நம்பியும்விட்டேன். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுத வெட்கமாக இருந்தது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். கட்டு நாளைக் காலைப் பார்சலில் உனக்குக் கிளம்புகிறது. சின்னவனிடம் மட்டும் நீயே சொல்லிவிடு. நான் மன்னிப்புக் கேட்டு எழுதினால், இது யார் எழுதியது என்று கேட்பான்.