ஸ்டியரிங்குக்கு அரை டம்ளர் தேங்காய் எண்ணெய்

தெரியாமல் செய்கிற தப்புக்கு மன்னிப்பு உண்டு. நன்றாகத் தெரிந்தவன் செய்கிற தப்புதான் ஆளைக் கவிழ்த்துவிடும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷமாக தில்லியில் ஒவ்வொரு ஜனவரியிலும் பாட்டிலுக்குள் ஸ்பூனை விட்டுத் தோண்டித் தலையில் தேய்த்துக்கொள்கிறவன் நான். அப்படியிருந்தும் அதைக் கொண்டுபோய்க் காருக்கு ஊற்றினேன். (இதைப் படிப்பவர்களில் மெக்கானிக்குகள் யாராவது இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உடம்புக்கு நல்லது.)

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். வேலை மத்திய அரசில், செக்‌ஷன் ஆபீசர். வீடு லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. ஆபீசுக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். ஆகவே எங்கள் கார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வெளியே வரும், கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ போய்விட்டு மறுபடி மரத்தடியில் படுத்துக்கொள்ளும். சின்ன கார். இரண்டாம் கையாக வாங்கியது. இந்தக் கதை நடந்தபோது அதற்கு வயது பதின்மூன்று. தில்லியில் பெட்ரோல் காருக்குப் பதினைந்து வருஷம்தான் ஆயுள் என்பதால், என்னைப் போலவே அதுவும் ரிட்டயர்மென்டை எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஜூலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முன்னாலிருந்து ஒரு முனகல் வர ஆரம்பித்தது. நேராகப் போனால் சத்தமில்லை. திரும்பினால், தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் மாதிரி "ம்ம்ம்" என்று இழுத்தது. கரோல் பாக்கில் எங்கள் மெக்கானிக் சத்பால் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கை லேசாக்கித் தருகிற பம்ப்பில் எண்ணெய் கசிகிறது, கசிவைத் தடுக்கிற ரப்பர் சீல் போய்விட்டது, பம்ப்பை மாற்றிவிடுங்கள் என்றார். அதுவரை இந்தச் சின்ன டப்பாவில் எண்ணெய் இருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள் என்றும் சொன்னார்.

நான் என்ன செய்தேன்? ஆபீசில் செய்வதையே செய்தேன். "பரிசீலனையில் வைக்கலாம்" என்று மனசுக்குள் ஒரு குறிப்பு எழுதி, கோப்பை மூடினேன். எங்கள் பிரிவில் அப்படி மூடப்பட்ட கோப்புகள் பல தாமாகவே தீர்ந்துபோயிருக்கின்றன. பம்ப்பும் தீர்ந்துபோகும் என்று நம்பினேன். தீர்ந்துதான் போனது. அது வேறு அர்த்தத்தில்.

செப்டம்பரில் ஒரு நாள் டப்பாவைத் திறந்தால் எண்ணெய் அடிக்கோட்டுக்கும் கீழே இருந்தது. அன்று திங்கட்கிழமை, அரசு விடுமுறை. கரோல் பாக் திங்கட்கிழமைகளில் அடைத்துக் கிடக்கும். சத்பாலும் இல்லை. சமையலறையில் ஊரிலிருந்து வந்த ஐந்து லிட்டர் கேன் இருந்தது. செக்கில் ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெய். எங்கள் ஊரில் அதைத் தலைக்குத் தேய்ப்போம், அவியலில் ஊற்றுவோம், சுட்ட புண்ணில் தடவுவோம், தையல் மெஷினுக்கு விடுவோம், கிறீச்சிடும் கதவுக்கு விடுவோம். இத்தனை இடத்தில் வேலை செய்கிற எண்ணெய் ஒரு காரில் செய்யாதா? அரை டம்ளர் ஊற்றினேன். இஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். சத்தம் நின்றுவிட்டது!

அன்று எனக்கு ஏற்பட்ட பெருமிதம் பிரமோஷன் வந்தபோதுகூட ஏற்படவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மனைவி உஷாவிடம் சொல்லவில்லை. (அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தேங்காய் எண்ணெயின் மகிமை அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நன்றாகவே புரிந்திருக்கும் என்பதுதான் பயம்.)

டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டோம். கார் மரத்தடியில் கிடந்தது. நாங்கள் திரும்பியபோது தில்லி பல்லைக் கிட்டிக்க வைக்கிற குளிரில் இருந்தது.

ஜனவரியில் மகள் அபர்ணாவுக்கு இஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு. இரண்டு வருஷப் படிப்பு அந்த ஒரு காலைக்காக. தேர்வு மையம் பட்டேல் நகருக்கு அப்பால். எட்டரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று அட்மிட் கார்டிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முந்தின நாளே உஷா கேட்டாள்: "கேப் புக் பண்ணிடலாமா?"

"நம்ம வண்டி இருக்கும்போ கேப் எதுக்கு? இதுக்குத்தானே கார் வாங்கியிருக்கு" என்றேன். அந்த வாக்கியத்தை என் கல்லறையில் எழுதச் சொல்லி உஷா பல முறை கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கீழே இறங்கினோம். பனிமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியவில்லை. இஞ்சின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. பார்க்கிங்கிலிருந்து எடுக்க ஸ்டியரிங்கைத் திருப்பினேன். திரும்பவில்லை. முன்னாலிருந்து எருமை கத்துவது மாதிரி ஒரு சத்தம். அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காலையில் குளியலறையில் தோண்டிய வெள்ளைக் கட்டி கண் முன்னால் வந்து நின்றது.

"என்னங்க சத்தம்?"

"குளிராக்கும். சூடானா சரியாப்போகும்" என்றேன். பாதி உண்மைதானே.

உஷா பின் சீட்டில் உட்கார்ந்து போனில் கேப் தேடினாள். ஒருவன் ஒத்துக்கொண்டு கேன்சல் செய்தான். இன்னொருவனும் அப்படியே. பனியில் யாரும் வரத் தயாராக இல்லை. நான் எழுந்து நிற்காத குறையாக ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து, நாலு தடவை முன்னும் பின்னுமாகப் போய், கால் மணி நேரத்தில் காரைத் தெருவுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் குளிரிலும் ஸ்வெட்டருக்குள் வேர்த்தது.

நேர்ச் சாலையில் வண்டி ஓடியது. கொஞ்சம் வேகம் இருந்தால் ஸ்டியரிங் கனமாக இருந்தாலும் கேட்கும். நின்று நின்று போனால்தான் கல். ஆனால் லோதி ரோட்டிலிருந்து பூசா ரோடு வழியாகப் பட்டேல் நகர் போவதற்குள் எத்தனை ரவுண்டானா என்று தில்லிக்காரர்களுக்குத் தெரியும். அன்றுதான் நான் அவற்றை முதன்முதலாக எண்ணினேன். ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைக்க வேண்டும், சுற்ற வேண்டும், வெளியேற வேண்டும். முதல் வட்டத்தில் கார் பாதியிலேயே நடைபாதையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

"அப்பா! சுவர்!" என்று கத்திய அபர்ணா, பக்கத்து சீட்டிலிருந்து சாய்ந்து ஸ்டியரிங்கின் இடப் பக்கத்தைப் பிடித்து மேலே தள்ளினாள். நான் வலப் பக்கத்தைக் கீழே இழுத்தேன். கார் முக்கி முனகித் திரும்பியது.

அதன் பிறகு அதுவே முறையானது. வலப்பக்கம் திரும்ப அவள் தள்ள வேண்டும், இடப்பக்கம் திரும்ப இழுக்க வேண்டும்.

"மக்ளே, தள்ளு! தள்ளு! இப்ப விடு!"

"ஐயோ, அவ கையை விடுங்க! எக்ஸாம் எழுதணும் அவ!" என்று உஷா பின்னாலிருந்து அலறினாள்.

"கம்ப்யூட்டர் எக்ஸாம் மா. மௌஸ் பிடிச்சா போதும்."

"மௌஸ் பிடிக்கவும் கை வேணும்டீ!"

பனியில் எதிரே வருவது தெரியவில்லை. இரண்டு வட்டங்களில் பஸ் ஒன்று எங்களை உரசுவது போல் போனது. பாதி வழிக்கு மேல் கடந்து மந்திர் மார்க் வந்தபோது ஏழே முக்கால். இந்த நேரத்தில் பம்ப்பின் சத்தம் வேறு மாதிரி ஆகியிருந்தது, கல்லை அரைக்கிற மாதிரி. அபர்ணாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஃபார்முலா சொல்கிறாளா, சாமியைக் கூப்பிடுகிறாளா என்று தெரியவில்லை. அவளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இந்தப் பெண்ணின் இரண்டு வருஷத்தை அரை டம்ளர் எண்ணெயில் முக்கிவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பூசா ரோடு முனையில் ஒரு பெரிய ரவுண்டானா. உள்ளே நுழைந்து பாதி சுற்றியதும் "டப்" என்று ஒரு சத்தம். பம்ப் இறுகி, அதைச் சுற்றுகிற பெல்ட் அறுந்துவிட்டது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. பானெட்டிலிருந்து புகை. எப்படியோ ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். மணி எட்டு ஐந்து.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சூடான இஞ்சினில் எண்ணெய் வழிந்து, கார் முழுக்கக் கமகமவென்று ஒரு வாசனை.

அபர்ணா மூக்கை உறிஞ்சினாள். "அப்பா, யாரோ நேந்திரங்காய் சிப்ஸ் போடறாங்க."

பின் சீட்டிலிருந்து உஷா ரொம்ப நிதானமாகக் கேட்டாள்: "ஏங்க, நீங்க காருக்கு என்ன ஊத்தினீங்க?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அரை டம்ளர்தான்."

உஷா இறங்கி நடு ரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். மூன்று ஆட்டோக்கள் "நஹீ ஜாயேங்கே", வரமாட்டோம், என்று போய்விட்டன. நாலாவதாகப் பனியிலிருந்து பேட்டரியில் ஓடுகிற ஒரு ஈ-ரிக்‌ஷா வந்தது, காலிஃப்ளவர் மூட்டைகளோடு. உஷா அதன் எதிரே போய் நின்றாள்.

"பையா, பச்சி கா எக்ஸாம் ஹை. ஜல்தி!" பிள்ளைக்குப் பரீட்சை, சீக்கிரம் என்றாள்.

வண்டிக்காரர் ஒரு கணம் அபர்ணாவின் கையிலிருந்த அட்மிட் கார்டைப் பார்த்தார். "பைட்டோ, பேட்டா", உட்காரும்மா, என்று இரண்டு மூட்டையைத் தள்ளி இடம் செய்தார். இருவரும் காலிஃப்ளவர்களின் மேல் ஏறினார்கள். புறப்படும்போது அபர்ணா என்னைப் பார்த்து, "அப்பா, வந்து பேசிக்கலாம்" என்றாள். பதினேழு வயதுப் பெண்ணின் குரல் இல்லை அது. எங்கள் ஆபீஸ் டைரக்டரின் குரல்.

மணி எட்டு பன்னிரண்டு. அடுத்த பதினெட்டு நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. உஷாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பின்னாலிருந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் பனியை விலக்கிக்கொண்டு கோபமாக வந்தார். பக்கத்தில் வந்ததும் கோபம் குறைந்து, மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தார். "க்யா பக் ரஹா ஹை?" என்ன சமையல் என்று கேட்கிறார்! எட்டரை ஆயிற்று. போன் வரவில்லை. எட்டு முப்பத்திரண்டு. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் போலீஸ்காரர் எதுவும் கேட்காமல் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு டீ வாங்கிக் கையில் கொடுத்தார்.

எட்டு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது.

"உள்ள போயிட்டா" என்றாள் உஷா. "எட்டு இருபத்தெட்டுக்கு. தலைமுடியில காலிஃப்ளவர் இலை. செக்கிங்ல அதையும் எடுத்துப் பாத்தாங்க." பிறகு போனை வைத்துவிட்டாள். நான் அந்தப் போலீஸ்காரர் முன்னாலேயே அழுதேன். அதை மறைக்க இப்போது எனக்கு அவசியமில்லை.

கட்டி இழுத்துப் போன காரின் பானெட்டைத் திறந்த சத்பால், டப்பாவுக்குள் விரலை விட்டார். வெள்ளையாக ஒரு கட்டி வந்தது. மோந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மோந்தார். "யே தோ நாரியல் தேல் ஹை!", இது தேங்காய் எண்ணெயாச்சே, என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு விரல் மோந்து பார்த்தார்கள். தப்பான எண்ணெய் மிச்சமிருந்த சீலையும் கெடுத்துவிட்டது, குளிரில் உறைந்து குழாயையும் அடைத்துவிட்டது என்று சத்பால் எனக்கு மட்டும் விளக்கவில்லை, அவர்கள் எல்லோருக்கும் விளக்கினார். அவர்களில் ஒருவர் கொஞ்சம் எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டு, சருமத்துக்கு நல்லது என்றார்.

அபர்ணாவுக்கு இடம் கிடைத்தது. மலையடிவாரத்தில், தில்லியைவிடக் குளிரான ஓர் ஊரில் கல்லூரி. புது பம்ப் போட்ட கார் மேலும் ஒன்றரை வருஷம் ஓடி, கெடு முடிந்து பழைய இரும்புக்குப் போனது. ஆனால் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்க்கு அன்று வந்த பெயர் போகவில்லை. "ஸ்டியரிங் ஆயில வெயில்ல வெச்சீங்களா?" என்று உஷா என்னையே கேட்பாள். அவியலுக்குக்கூட ஒரு ஸ்பூன் ஸ்டியரிங் ஆயில்தான்.

போன குளிர்காலத்தில் அபர்ணா ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்தாள். "அம்மா, ஸ்டியரிங் ஆயில் தீர்ந்துடுச்சு. ஒரு பாட்டில் கூரியர்ல அனுப்பு" என்றாள்.

பின்னால் கட்டிலில் படித்துக்கொண்டிருந்த மதுரைக்காரப் பெண் தலையைத் தூக்கினாள். "ஏய், ஒங்கிட்ட காரு இருக்காடி? சொல்லவே இல்ல!"

"என்கிட்ட இல்ல" என்றாள் என் மகள். "எங்கப்பாகிட்ட இருந்தது."