ஹாலில் ஒரு எல்லைக்கல்

பூமி உருண்டை என்பதைச் சங்கிலி சார் இன்றுவரை முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டால், "இருக்கலாங்க. நான் அளக்கலீங்களே" என்பார்.

தஞ்சாவூரில் எங்கள் தெருவில், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். எங்களுக்குச் சங்கிலி சார். துறையில் சாட்டிலைட்டோடு பேசுகிற கருவியெல்லாம் வந்த பிறகும், நிலம் அளக்கும் பழைய இரும்புச் சங்கிலியை மொபெட்டில் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனவர். முதலில் கருவியால் அளப்பார். பிறகு கருவி சொன்னது சரிதானா என்று சங்கிலியால் அளப்பார். ஏன் சார் இந்த இரட்டை வேலை என்று யாரோ கேட்டதற்கு, "சாட்டிலைட்டு சேத்துல எறங்குச்சா? நான் எறங்கியிருக்கேன்ல?" என்றாராம்.

அவர் ஒரு கல்லை நட்டால் நட்டதுதான். திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குக் கொல்லைத் தகராறு. சங்கிலி சார் போய் அளந்தார். எல்லைக்கல் விழ வேண்டிய இடம், அண்ணன் புதிதாகக் கட்டிய குளியலறைக்கு நட்ட நடுவில் வந்தது. அங்கேயே நட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த அண்ணன் இன்றைக்கும் கல்லுக்கு ஒதுங்கி நின்றுதான் குளிக்கிறார் என்றும், சோப்பு வைக்கத் தோதாக இருக்கிறது என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறார் என்றும் கேள்வி.

அண்ணனுக்கு வேண்டிய பெரிய மனிதர் ஒருவர் போனில் கூப்பிட்டிருக்கிறார்.

"ஒரு ரெண்டடி தள்ளி நட்டா என்ன சார் கொறைஞ்சு போவுது?"

"கல்லு நகராதுங்க. வேணும்னா என்னை நகர்த்திக்குங்க."

நகர்த்தினார்கள். பட்டுக்கோட்டைக்கு. அங்கே ஒரு தென்னந்தோப்பில் இதே கதை. அடுத்த ஊர். இப்படி மொத்தம் ஆறு ஊர். ஒரு கல்லும் நகரவில்லை. சங்கிலி சார்தான் நகர்ந்தார். அவர் பின்னால் பாத்திர மூட்டை, கிரைண்டர், இரண்டு துளசித் தொட்டி சகிதம் அவர் மனைவி கோமதி அக்காவும் நகர்ந்தார். "ரிட்டையர் ஆனதும் ஒரே எடத்துல உக்காருவோம் கோமதி. உக்காந்து நாள் பூரா நாகஸ்வரம் கேப்போம்" என்று ஒவ்வொரு தடவை லாரியில் சாமான் ஏற்றும்போதும் சொல்லியிருக்கிறார்.

கோமதி அக்காவுக்கு அந்த வார்த்தை மேல் ஆசை. நாகஸ்வரத்தில் இரண்டு மூச்சு கேட்டால் ராகத்தைச் சொல்லிவிடுவார். சங்கிலி சாருக்கு ராகம் தெரியாது. எத்தனை நிமிஷம் வாசித்தார்கள் என்று சொல்வார்.

ஓய்வு பெற்று, அக்கா பேரில் எங்கள் தெருவில் வீடும் வாங்கிய பிறகு, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றக் கிளம்பினார். தரையில் நெஞ்சுயரத்துக்கு நிற்கிற பெரிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்க வேண்டும். உயர்ந்ததாக வாங்க வேண்டும். யோசனை கேட்க என்னிடம் வந்தார். இதில்தான் நான் என் அறியாமையோடு கதைக்குள் நுழைகிறேன்.

சிங்கப்பூரிலிருக்கும் என் மகன் எனக்கு டி.வி.க்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர் ஒன்று அனுப்பியிருந்தான். அது வந்த நாளிலிருந்து பதினைந்து நாள் தெருவில் யாரைப் பார்த்தாலும் "ட்வீட்டர்", "வூஃபர்", "சவுண்ட் ஸ்டேஜ்" என்று பேசிக்கொண்டிருந்தேன். அத்தனையும் அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தது. பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்ட அன்றோடு என் ஞானமும் போய்விட்டது. ஆனால் பேர் நின்றுவிட்டது.

திருச்சியில் ஒரு கடை. கதவைச் சாத்தினால் வெளியே பஸ் ஹாரன் அடிப்பதுகூடக் கேட்காத அறை. கடைக்காரர் ஆஸ்பத்திரியில் நோயாளி தூங்கும்போது பேசுகிற குரலில் பேசினார். முதலில் ஒரு வெளிநாட்டு அம்மாள் பாடியதைப் போட்டார். மூச்சும் பாட்டும் சரிபாதியாக இருந்தது. சங்கிலி சார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அந்தம்மாவுக்கு யாராவது ஒரு சொம்பு தண்ணி குடுத்தா என்னங்க?"

நான் நிலைமையைச் சமாளிக்க, "சவுண்ட் ஸ்டேஜ் ரொம்ப அகலம்" என்றேன்.

"எத்தன அடி?"

நான் கடைக்காரரைப் பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். அதற்குள் சங்கிலி சார் இடுப்பிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு கம்பளத்தில் மண்டியிட்டுவிட்டார். பின்சுவரிலிருந்து அளந்தார். பக்கச் சுவரிலிருந்து அளந்தார். எழுந்து, தீர்ப்பு சொல்வதுபோல் சொன்னார்.

"வலது பக்கத்துக்காரன் ரெண்டு அங்குலம் ஆக்கிரமிப்பு பண்ணியிருக்கான்."

"சான்ஸே இல்ல சார். கம்பெனியிலேருந்து ஆள் வந்து வச்சது."

"கம்பெனிதாங்க பண்ணுவான். ஏழை எங்க ஆக்கிரமிப்பு பண்றான்?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அளந்தார். சிரிப்பு நின்றது. வலது ஸ்பீக்கரை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி மறுபடி போட்டார். அந்த அம்மாள் அறையின் நடுவில் வந்து நின்றார். மூச்சு மட்டும் அப்படியேதான் வாங்கியது. அன்றிலிருந்து கடைக்காரர் சங்கிலி சாரை "ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்தார். என்னை எப்படியும் கூப்பிடவில்லை.

கடைசியில் இரண்டு ஜோடிகள் மிஞ்சின. ஒன்று ஒல்லியாக, கறுப்பாக, உயரமாக இருந்தது. மற்றது தேக்கு நிறத்தில் குண்டாக, நெல் குதிர் மாதிரி நின்றது. இரண்டையும் வீட்டிலேயே வைத்துக் கேளுங்கள், ஏழாவது நாள் வந்து வேண்டாததை எடுத்துக்கொள்கிறேன் என்றார் கடைக்காரர். நான் ஒல்லிக்கு ஓட்டுப் போட்டேன். எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை என்பதால் அதுதான் உசத்தியாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் அளவை தொடங்கியது. ஒல்லி ஜோடி பொல்லாத ஜோடி. இரண்டுக்கும் சமதூரத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் நாகஸ்வரக்காரர் எதிரில் நிற்பார், தவில்காரர் அவர் தோளுக்குப் பின்னால் நிற்பார். ஒரு சாண் நகர்ந்தால் இரண்டு பேரும் வலது பக்கத்து ஜன்னலுக்குப் போய்விடுவார்கள். அந்தப் புள்ளியைச் சங்கிலியைத் தரையில் போட்டே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, டைல்ஸோடு வெள்ளை சிமென்ட் போட்டு ஒட்டிவிட்டார். முழங்கால் உயரத்துக்குச் சின்ன எல்லைக்கல்.

"அரசாங்கக் கல்லாங்க?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"சேச்சே. சொந்தக் கல்லு."

கல்லுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. ஒரே நாற்காலி. சாப்பாட்டு மேஜை ரேழிக்குப் போனது. ஃபிரிட்ஜ் படுக்கையறைக்குப் போனது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்த சொந்தக்காரர்களை இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார வைத்ததில், அவர்கள் பத்திரிகையைக் கொடுக்காமலே போய்விட்டார்கள். எனக்கு மூன்றாம் நாள் ஒரு பாட்டுக்கு மட்டும் அந்த நாற்காலியில் அனுமதி கிடைத்தது. ஆலாபனை தொடங்கியதும் நான் வழக்கம்போல் தலையை ஆட்டினேன்.

"ஆட்டாதீங்க! தலைய ஆட்டுனா அவரு நகர்றாரு!"

தஞ்சாவூரில் உட்கார்ந்து நாகஸ்வரத்துக்குத் தலையாட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தைலம் தேய்த்தேன்.

இத்தனையிலும் கோமதி அக்கா அடுப்படியில்தான் இருந்தார். ஒரு நாள் காபி கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: "அவருக்குப் பாட்டு கேக்குது தம்பி. எனக்கு இடிதான் கேக்குது."

ஆறாம் நாள் காலை சங்கிலி சார் என் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"மனு வந்துருக்கு" என்றார்.

வாங்கிப் படித்தேன். அக்காவின் முத்து முத்தான கையெழுத்து. அனுப்புநர்: கோமதி, அடுப்படி. பெறுநர்: சர்வேயர் (ஓய்வு), ஹால். பொருள்: எல்லைக்கல்லை மறு அளவை செய்யக் கோருதல்.

"ஐயா, மேற்படி ஹாலில் தாங்கள் நட்டுள்ள கல்லினால், எனக்குப் பாத்தியப்பட்ட நாகஸ்வரம் எனக்கு வந்து சேரவில்லை. தவில் மட்டும் சுவர் வழியாக வருகிறது. தாங்கள் கல்லை நகர்த்த மறுத்த வகையில் நான் ஆறு ஊர்களுக்கு நகர்ந்திருக்கிறேன். அப்போது மனு ஏதும் கொடுக்கவில்லை. இந்த ஒரு முறை கல் நகர ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

சிரிக்கலாம் என்று நிமிர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"என் சர்வீஸ்ல எந்த மனுவையும் பாக்காம தள்ளுனதில்லீங்க" என்றார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்தலத்துல விசாரணை. நடக்குறதப் பாத்துக் கையெழுத்துப் போட, மகஜர் சாட்சியா நீங்க வரணும்."

மறுநாள் பத்து மணிக்குப் போனேன். அன்று சாயங்காலம் கடைக்காரர் வருகிற நாள். விசாரணை அதிகாரி வெளுத்த சட்டை போட்டு, பாக்கெட்டில் பேனாவோடு நின்றார். மனுதாரரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தான் அடுப்படிக்குப் போய், குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்கு முன்னால் நின்றார். "போடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. போட்டேன்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மூச்சில், "தோடி" என்றார் மெல்ல. பிறகு தலை தன்னால் ஆடத் தொடங்கியது. நாகஸ்வரக்காரர் ஜன்னலுக்கும் வாசலுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்திருப்பார். அக்கா கவலைப்படவில்லை.

அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சங்கிலி சார் கண்ணை மூடி, ஒரு கையை மேடை மேல் ஊன்றி நின்றிருந்தார். பக்கத்தில் குழம்பு பொங்கி, வழிந்து, அடிபிடித்து, வாடை ஹாலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. அவருக்கு உறைக்கவில்லை. சுவர் வழியாக வந்த தவிலைப் பதினெட்டு நிமிஷம் முழுசாகக் கேட்டார். பாட்டு முடிந்ததும் வெளியே வந்தார்.

"எத்தன நாளா இப்படிக் கேட்டுக்கிட்டு இருக்க?"

"ஸ்பீக்கர் வந்து ஏழு நாள் ஆச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஆறு ஊர்லயும் டேப்ரெக்கார்டரு போட்டீங்களே, நான் எங்கேருந்து கேட்டேன்னு நெனைக்கிறீங்க?"

சங்கிலி சார் திரும்பி அடுப்படியைப் பார்த்தார். அக்காவும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொழம்பப் பாத்துக்கிட்டு நிக்கக்கூடாதா? வத்தக்கொழம்பு. போச்சு."

"மனு ஏத்துக்கப்பட்டது" என்றார் சங்கிலி சார். பின்கட்டுக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். குளியலறையில் நட்ட கல்லை ஒரு விரற்கடைகூட நகர்த்தாத மனிதர், அதற்காக ஆறு ஊர் தூக்கியடிக்கப்பட்ட மனிதர், தன் கையால் நட்ட கல்லைத் தானே உட்கார்ந்து பெயர்த்தார். நான் மகஜர் சாட்சி.

பிறகு ஒல்லி ஜோடியைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, குண்டு ஜோடியை இழுத்து வந்தோம். அது ஆளைப் புள்ளியில் நிறுத்தாது; ஆனால் சத்தம் வீடு முழுக்க ஒழுங்காகப் பாயும். மறுபடி சங்கிலி போட்டு ஒரு மணி நேரம் அளந்தார். புதுக் கல் விழுந்த இடம் அடுப்படி நிலைப்படி.

சாயங்காலம் கடைக்காரர் வந்து பார்த்து, அழாத குறையாகச் சொன்னார்: "ஐயா, தப்பா வச்சிருக்கீங்க. ரெண்டும் கிச்சனப் பாத்துட்டு நிக்குது. உங்க சேர் வலது ஸ்பீக்கரு ஓரத்துல ஒதுங்கிடுச்சு!"

"பட்டா அவங்க பேர்லதாங்க இருக்கு" என்றார் சங்கிலி சார்.

கடைக்காரர் ஒல்லி ஜோடியை ஏற்றிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வண்டி போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன்.

"நெஜமாச் சொல்லுங்க சார். இப்ப உங்களுக்குச் சரியாக் கேக்குதா?"

"வலது பக்கம்தாங்க கேக்குது" என்றார். "இடது பக்கத்த அவ பாடிக் காட்டிடுவா."

இப்போதும் வாரத்துக்கு இரண்டு நாளாவது அங்கே போய்விடுகிறேன். பழைய கல் இருந்த இடத்தில் டைல்ஸில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். அங்கே பாட்டு பாதிதான் விழும். மீதியில் தாளிக்கிற ஓசையும், கூடவே பாடுகிற கோமதி அக்காவும், நாற்காலிக் கையில் தப்புத் தாளம் போடுகிற சங்கிலி சாரின் விரலும் இருக்கும். இவ்வளவு நல்ல சத்தத்தை நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை.