மாமியார் ஏறிய பெட்டி

உயிரே போனாலும் பெண்டாட்டியைத் தன் ரயிலில் ஏறவிடுவதில்லை என்று பெகிம்பி முடிவு கட்டியிருந்தான். காரணம் இருந்தது. புலவாயோவிலிருந்து விக்டோரியா அருவிக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் அந்தச் சொகுசு ரயிலில் மூன்றாவது பெட்டிக்கு அவன்தான் அதிகாரி என்று வீட்டில் அளந்து வைத்திருந்தான். அங்கே அவன் செய்ததோ வேறு. படுக்கை விரித்தான். தேநீர் ஆற்றினான். குளியல் தொட்டி தேய்த்தான். மணி அடித்தால் "இதோ வந்துட்டேன் மேடம்" என்று ஓடினான். வீட்டில் மட்டும் குடித்த கோப்பையை நகர்த்தி வைக்கக்கூட அவனுக்கு ஆள் வேண்டும். இருபது வருஷமாக இந்த அநியாயம். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. கட்டிக்கொண்ட நொமலாங்காவுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக் கடிதம் வீட்டுக்கே வந்து தொலைத்தது. இருபது வருஷம் வேலை பார்த்தவர் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இலவசப் பயணம். பிரித்துப் படித்தவள் நொமலாங்கா.

"ஏங்க, நான் வரேன்."

"அது ஆபீஸ் இடம். பொம்பளைங்க வர்ற இடமில்ல."

"அப்ப ஏறுற வெள்ளைக்காரிங்கெல்லாம் யாரு? ஆம்பளைங்களா?"

"வாய் நீளுது உனக்கு!"

"நீளத்தான் செய்யும். கடல் தாண்டி வந்து எவளெவளோ நம்ம அருவியைப் பாத்துட்டுப் போறா. இங்கயே பொறந்தவ நான், தண்ணி விழறதைக் குழாயிலதான் பாத்திருக்கேன். அதுவும் வாரத்துல ரெண்டு நாள்!"

பெகிம்பிக்குக் கோபத்தில் மூக்கு விடைத்தது. கூடவே மூளையும் வேலை செய்தது, அதுதான் வினை. குரலைக் குழைத்தான்.

"கோவிச்சுக்காதே. ரெண்டு சீட்டு இருக்கே, உங்கம்மாவை விட்டுட்டு நீ மட்டும் போனா நல்லாவா இருக்கும்? ஆனா பாரு, அந்தப் பெட்டியில நான் இருப்பேன். மாமியார் கண்ணுல மருமகன் படலாமா? எதிர்ல வந்தா ஒதுங்கணுமில்ல? பாவம், அவங்களே வேணாம்னுடுவாங்க. என்ன செய்ய, நம்ம ஜனத்துல முறைன்னு ஒண்ணு இருக்கே!"

நொமலாங்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். பதில் அறை முழுக்கக் கேட்டது.

"முறைப்படி ஒதுங்க வேண்டியது அவன். நான் எதுக்குடி ஒதுங்கணும்? ஜன்னல் பக்கமா கேளு!"

அந்த ரயிலின் நடைவழி ஒரு ஆள் அகலம். மாமியார் மாமோயோ இரண்டு ஆள் அகலம். அவள் உட்கார்ந்த இடத்தில் இருக்கிற ஜாதியும் இல்லை. யானை இந்தப் பக்கம் தெரிகிறதா, அந்தப் பக்கம் தெரிகிறதா என்று காலையிலிருந்து நடந்துகொண்டே இருந்தாள். அவள் தலை தெரியும்போதெல்லாம் பெகிம்பி துணி அலமாரிக்குள் பாய்ந்தான். மூன்றாம் தடவைக்குப் பிறகு வெளியே வரவே இல்லை. வெளியே மணிகள் அலறின.

"பெகிம்பி! நாலாம் அறைக்கு டீ கேட்டு அரை மணி ஆச்சு! எங்கய்யா இருக்கே?" மேலாளர் ஹெஸ்டர் அம்மாளின் குரல்.

"அலமாரியில மேடம்."

"அலமாரியிலயா?"

"மாமியார் நடந்துக்கிட்டிருக்காங்க மேடம்."

ஹெஸ்டர் அந்த ஊரிலேயே வளர்ந்தவள். அந்த முறை அவளுக்கும் தெரியும். ஆனால் திரும்பிப் போகும்போது பல்லைக் கடித்தது அலமாரிக்குள் கேட்டது.

அடுத்து அலமாரியைத் திறந்தவள் நொமலாங்கா. உள்ளே மார்போடு தலையணைகளை அணைத்துக்கொண்டு நின்றான் பெகிம்பி.

"அதிகாரி அய்யா, இந்தத் தலையணைங்கெல்லாம் உங்களுக்குக் கீழ வேலை பாக்குதுங்களா?"

"கத்தாதே! எல்லாம் உன்னால! உங்கம்மாவை ஒரு இடத்துல உக்காரச் சொல்லு!"

"சாப்பாட்டுப் பெட்டியில உக்கார வெச்சுட்டுத்தான் வந்தேன். அரை மணி நேரம் இருக்கு. படுக்கையெல்லாம் போட்டு முடிங்க. உங்க மேலாளர் அம்மா சொல்லிட்டாங்க."

வேறு வழியில்லை. ஆறு படுக்கை. ஒன்றுக்கு மூன்று நிமிஷம். ஒரு சுருக்கம் இல்லை. நொமலாங்கா கதவில் சாய்ந்து சிரித்தபடி பார்த்தாள். மூன்றாவது படுக்கையில் சிரிப்பு நின்றது.

"முதுகு புடிச்சு ஒரு மாசம் கெடந்தேனே. ஒரு போர்வை மடிச்சீங்களா? தெரியாதுன்னு சொன்னீங்க." அவள் குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்.

பெகிம்பிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டால் அவனுக்கு உடனே கோபம் வந்துவிடும்.

"இது உத்தியோகம்! வீட்டுல நான் ஆம்பளை! இங்க பாத்ததை வெச்சு அங்க சட்டம் பேசினே, நடக்கிறதே வேற!"

"சரி" என்றாள் நொமலாங்கா. அந்த ஒரு சொல்லுக்கு அவன் பயந்திருக்க வேண்டும். அவனோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கடைசிப் படுக்கையைத் தட்டிவிட்டான்.

தாயும் மகளும் அருவிச் சாரலில் தொப்பலாக நனைந்து, கத்திச் சிரித்து, ஊர் திரும்பினார்கள். புலவாயோ நிலையத்தில் மாமோயோவின் மூட்டை டாக்சியில் ஏறுவதைத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற பெகிம்பி பார்த்தான். பெண்டாட்டியைச் சைகை காட்டி அழைத்தான்.

"கிராமத்துப் பஸ் அந்தப் பக்கம்ல நிக்குது?"

"அம்மா பஸ்ல போகல. குளிர் முடியற வரைக்கும் நம்ம வீட்டுலதான். முன்னறை அவங்களுக்கு. படுக்கை அறையில அவங்களும் நானும்."

"அப்ப நான் எங்கடி ஒதுங்கறது?"

"பின்வாசல் வழியா வந்தா அடுப்படி. அம்மா அந்தப் பக்கமே வர மாட்டாங்க" என்றாள் நொமலாங்கா, டாக்சியில் ஏறிக்கொண்டே. "சும்மா உக்காந்திருக்காதீங்க. அவங்களுக்கு ஆறு மணிக்கு டீ."