வடக்குத்து ரேட்டு

"பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோதே கண்ணையன் சுதாரித்திருக்க வேண்டும்.

"பர்மனென்ட்தாங்க. மைன்ஸ்ல கன்வேயர் செக்‌ஷன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். வர்ற ஜூன்ல ரிட்டயர்டு" என்றார் பெருமையாக.

வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "டீ வேணாம், காபியா போடு. முறுக்கும் எடுத்துக்கினு வா" என்று குரல் கொடுத்தார். முறுக்கு தீர்வதற்குள் வீட்டின் விலை முப்பத்தெட்டு லட்சத்திலிருந்து நாற்பத்து நான்கு லட்சமாகியிருந்தது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து தனம் கேட்டாள். "ரிட்டயர்டுன்னு ஒங்கள யாரு சொல்லச் சொன்னாங்க?"

"கேட்டாரு, சொன்னேன்."

"முறுக்கு ஒண்ணு ஒரு லட்சம். ஆறு தின்னீங்க."

வண்டி வடக்குத்து ஊர் எல்லையைத் தாண்டி, சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் நுழைந்தது. வெயில் சட்டென்று விலகி, தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் இருவர் மேலும் விழுந்தது. இருபத்தெட்டு வருஷமாக விழும் நிழல்தான். இப்போதெல்லாம் அது விழும்போது அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார்.

ஓய்வு பெற்றால் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணையனுக்கும் தெரியும். அது தனக்கும் நடக்கும் என்பதுதான் நம்ப முடியாமல் இருந்தது. பிளாக் இருபதில் அந்த வீட்டுக்கு வந்தபோது மகன் வளவன் கைக்குழந்தை. சமையலறைக் கதவோரம் தனம் அவன் உயரத்தைக் கோடு போட்டுக் குறித்துவந்தாள். வெள்ளையடிக்க ஆள் வரும்போதெல்லாம் கோடுகள் அழிந்துபோகும். அவள் ஞாபகத்திலிருந்து திரும்பப் போடுவாள். அந்தக் கோடுகளின்படி வளவன் ஒன்பது வயதில் ஐந்தேகால் அடி.

இனி எங்கே போவது?

சொந்த ஊர் ஆண்டிமடம். அங்கே பன்னிரண்டு லட்சத்துக்குக் கிணற்றோடு வீடு கிடைத்தது. ஆனால் அந்த ஊரில் அவரைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது, "எப்ப வந்தீங்க? எப்பக் கெளம்பறீங்க?" என்பதுதான். பத்து வருஷம் அங்கேயே இருந்தாலும் கேட்பார்கள் போலிருந்தது.

சென்னையில் வளவன் வேலை பார்க்கிறான். பொங்கலுக்குப் போனபோது பெரும்பாக்கம் பக்கம் எட்டாவது மாடியில் ஒரு ஃபிளாட்டைக் காட்டினான். எழுபத்திரண்டு லட்சம். பால்கனியில் தனம் போய் நின்றாள். அவள் உள்ளே வந்த பிறகுதான் கண்ணையன் போய் நிற்க முடிந்தது.

"சதுர அடி ஏழாயிரத்து ஐநூறு சார்" என்றான் அந்த ஃபிளாட்டை விற்க வந்த பையன்.

"நம்ம வூட்டுப் பின்னாடி வாழ வச்சிருக்கற எடம் எத்தினி அடி இருக்கும்?" என்று தனம் கணவனின் காதில் கேட்டாள்.

"முந்நூறு இருக்கும்."

"இருபத்திரண்டு லட்சத்துக்கு வாழ வச்சிக்கினு, அஞ்சு ரூவா குடுத்து கடையில எல வாங்கினேனே போன வாரம்!"

வளவன் நேற்றும் போன் செய்திருந்தான். "அப்பா, வீட்டப் பத்தி நீங்க ஒண்ணும் அலையாதீங்க. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்ததும் தனம் கலங்கிப்போனாள். "லோனப் போட்டு அந்தப் பொறாக்கூண்ட வாங்கிடப் போறான். அதுக்குள்ள இங்க ஒண்ண முடிச்சிடணும். அவங்கிட்ட மூச்சு வுடாதீங்க."

அதனால்தான் இந்த அலைச்சல். முறுக்குக்குப் பிறகு, விஷயத்தை ஜமால் முகமதுவிடம் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. மெயின் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜமால், வளவனின் முதல் பள்ளிச் சட்டைத் துணியிலிருந்து கண்ணையனுக்குப் பழக்கம்.

"அண்ணே, ஒங்க மூஞ்சிலயே பி.எஃப். பணம் எழுதியிருக்கு" என்றார் ஜமால். "இந்த வருஷம் ரிட்டயர்டு ஆகறவங்க பேரு லிஸ்ட்டு புரோக்கருங்க கையில இருக்கு. ஒங்க பேரு வெளிய வந்தாலே ரேட்டு ஏறிடும். வாங்கறது நானு. நீங்க ரெண்டு பேரும் சும்மா கூட வந்த சொந்தக்காரங்க மாதிரி. வாயத் தொறக்கக் கூடாது. பேரமெல்லாம் எங்கிட்ட வுடுங்க."

புரோக்கர் இளவழகன் காட்டிய வீடு வடக்குத்தின் கடைசித் தெருவில் இருந்தது. வீட்டின் சொந்தக்காரி மாணிக்கம்மாள், கணவரை இழந்தவர். ஓசூரில் மகளோடு போய் இருக்கப்போகிறார். வீட்டுக்குப் பின்னால் டவுன்ஷிப் சுவர்.

கண்ணையன் மொட்டை மாடிக்கு ஏறினார். சுவருக்கு அந்தப் பக்கம் மரங்கள். மரங்களுக்கு நடுவே நேராக ஓடும் சாலை, பஸ் ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி. காற்று திரும்பியபோது வெகுதொலைவிலிருந்து கன்வேயர் ஓடும் சத்தம் மெல்லக் கேட்டது. ஆறாம் நம்பர் ரோலர் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொடி கட்ட எடம் கெடக்குது" என்றாள் தனம். அவள் குரலும் சரியாக இல்லை.

கீழே மாணிக்கம்மாள் நாற்பது லட்சம் என்றார்.

ஜமால் தன் வேலையை ஆரம்பித்தார். "நாப்பதா! மாடியில ஒரே தூசி. சொவத்துல வெடிப்பு. ஜன்னல் வச்சிருக்கற அழகப் பாத்தா கட்னவருக்குக் கண்ணு தெரியாதோன்னு இருக்கு."

"கட்டனது எங்க வூட்டுக்காரரு" என்றார் மாணிக்கம்மாள். "நாப்பத்திரண்டு."

வெளியே வந்ததும் ஜமால் தைரியம் சொன்னார். "இப்ப ஒரு வேல செய்வோம். எம் மச்சான அனுப்பி முப்பதுக்குக் கேக்கச் சொல்றேன். அடுத்த நாள் இன்னொருத்தர் போயி முப்பத்திரண்டுக்குக் கேப்பாரு. ரெண்டு பேரும் அடிமாட்டு வெலைக்குக் கேட்டா, நம்ம நாப்பது அந்தம்மாவுக்கு அமிர்தமா இருக்கும்."

மச்சான் போனார். இன்னொருவரும் போனார். மூன்றாம் நாள் இளவழகன் உற்சாகமாக ஜமாலுக்கு போன் செய்தான்.

"பாய், அந்த வூட்டுக்கு ஒரே வாரத்துல மூணு பார்ட்டி! இவ்ளோ கிராக்கின்னு எனக்கே தெரியாமப் போச்சி. ஒரு வீடியோ எடுத்துப் போட்டுட்டேன். டவுன்ஷிப் சொவரு ஓரம், சில்லுனு காத்துன்னு பாட்டெல்லாம் சேத்து. ஒரு சென்னைப் பார்ட்டி மாட்டிக்கினாரு. நேர்ல பாக்காமலே நாப்பத்தஞ்சுங்கறாரு!"

கண்ணையன் நாற்பத்தாறு சொல்லச் சொன்னார். சென்னைப் பார்ட்டி நாற்பத்தெட்டு என்றது.

"எப்பிடிய்யா இப்படி ஏத்தறான்?"

"அந்த ஊரு ரேட்டுக்கு இது ஒண்ணுமே இல்லயாம்ணே. இவ்ளோ மண்ணும் மரமும் இந்தக் காசுக்கான்னு சிரிக்கிறாராம்" என்றார் ஜமால்.

கண்ணையனுக்கு ரத்தம் கொதித்தது. எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கார் நிறுத்துகிற இடத்தின் விலைக்குத் தன் வாழ்க்கையைத் தட்டிப் பறிக்கிறவன் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்தார். தொப்பை, கறுப்புக் கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை வந்து மாடியில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும்.

"அம்பது சொல்லுங்க" என்றார். அதுதான் அவர் எல்லை. அதற்கு மேல் போனால் வீடு இருக்கும், அடுப்பு எரியாது.

அன்று மாலை வளவன் போன் செய்தான். "என்னப்பா பண்றீங்க? எங்கயும் வீடு கீடு பாக்கலயே?"

"சேச்சே. சென்னைக்கு வரத்தான் சாமான் கட்டிக்கினு இருக்கோம்" என்றார் கண்ணையன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் வியர்த்தது.

"ம்... சரிப்பா" என்றான் வளவன்.

"பாவம், நம்ம வரமாட்டமோன்னு பயப்படறான்" என்றாள் தனம்.

மறுநாள் இளவழகன் சொல்லிவிட்டான். சென்னைப் பார்ட்டி ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டது. அந்தம்மாவுக்கு இந்த இழுபறி பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் முடிவு சொல்லிவிடுவார்.

ஞாயிறன்று மூவரும் போனார்கள். இளவழகன் வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். மாணிக்கம்மாள் நாற்காலி போட்டார். ஜமால் தொண்டையைச் செருமினார்.

"நீங்க இருங்க ஜமாலு" என்றார் கண்ணையன். முதல் முறையாக அந்த வீட்டில் வாயைத் திறந்தார். "அம்மா, வாங்கறது இவரு இல்ல, நாந்தான். எங்கிட்ட அம்பதுக்கு மேல கெடையாது. அதனால வெல பேச வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்."

மாணிக்கம்மாள் அவரைப் பார்த்தார்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சி காலையில கம்பெனி பஸ்ஸுலேர்ந்து எறங்கனா, எம் புள்ள சைக்கிள எடுத்துக்கினு ஸ்டாப்புக்கே வந்துடுவான். எட்டு வயசு. என்னப் பின்னாடி ஒக்கார வச்சி அவந்தான் மிதிக்கணும்பான். அவனால முடியாது. நான் ரெண்டு காலையும் தரையில ஊணி ஊணித் தள்ளிக்கினே வருவேன். அவன் தாந்தான் இழுக்கறதா நெனச்சிக்கினு, 'கெட்டியாப் புடிச்சிக்கப்பா'ன்னு கத்துவான். அந்த ரோடு ஒங்க மாடியில நின்னா தெரியுதும்மா. அதுக்கு சதுர அடி என்ன ரேட்டுன்னு எனக்குத் தெரியல."

தனம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஜமால் தரையைப் பார்த்தார்.

மாணிக்கம்மாளுக்கும் கண் கலங்கியது. "இத மொத நாளே வந்து சொல்லியிருந்தா நாப்பதுக்கே குடுத்திருப்பனே! இந்த பாய வுட்டு எங்க வூட்டுக்காரரக் கண்ணு தெரியாதவர்னு சொல்ல வச்சீங்களே!"

"இப்ப குடுங்களேன்மா" என்றாள் தனம்.

"கைய மீறிப் போச்சேம்மா. காலையில எட்டு மணிக்கே அந்த சென்னைத் தம்பி அட்வான்ஸ் அனுப்பிட்டாரு. நானும் சரின்னு வாக்கு குடுத்துட்டேன்."

கண்ணையன் மெதுவாக எழுந்தார். கோபம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. முட்டிதான் வலித்தது. "வரேங்க" என்று கும்பிட்டார். "அந்தாளு வந்தா மாடியில தண்ணி ஊத்தி ரெண்டு செடி வைக்கச் சொல்லுங்க. பூட்டிப் போட்டுட வேணாம்னு சொல்லுங்க."

"பூட்டிப் போடறதெல்லாம் இல்லீங்க. அந்தத் தம்பி இங்க இருக்கப் போறது இல்ல. அவங்க அப்பா, அம்மாவுக்குத்தான் வாங்கறாராம். அப்பாரு இங்கதான் டவுன்ஷிப்ல இருக்காராம், வேற எங்க கூட்டிக்கினு போனாலும் ஏங்கிப் போயிடுவாராம், அவருக்குத் தெரியாம வாங்கி வைக்கணும்னு அப்பிடி ஒரு துடிப்பு அந்தப் புள்ளைக்கு."

தனம் கணவனின் கையைப் பிடித்தாள். மாணிக்கம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பத்திரம் அவங்கப்பா பேர்லதான் எழுதணும்னு பேரு சொல்லியிருக்காரு. நீங்களும் டவுன்ஷிப்புதானே, பிளாக் இருபதுல கண்ணையன்னு யாருனா ஒங்களுக்குத் தெரியுமா?"